பார்க்கலாம் மேடமும் ஒரு தாழ்ப்பாளும்

தமிழில் ‘முடியாது’ என்று சொல்லப் பல வழிகள் இருக்கின்றன. தலையைச் சொறியலாம். ‘நாளைக்கு வாங்க’ எனலாம். ‘மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்’ என்று மின்விசிறியை அண்ணாந்து பார்க்கலாம். இருப்பதிலேயே மரியாதையானது ‘பார்க்கலாம்’ என்பதுதான். கேட்டவர் மனமும் நோகாது, சொன்னவர் வாயும் நோகாது. காரியம் நடக்காது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

என் சம்பந்தியம்மா இந்த ஒரு சொல்லை வைத்தே குடித்தனம் நடத்தியவர். என் மாப்பிள்ளை சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோது ‘பார்க்கலாம்டா’ என்றாராம். பிள்ளை அன்று சாயங்காலமே சைக்கிள் வைத்திருந்த ஒரு பையனோடு சிநேகம் பிடித்துக்கொண்டுவிட்டது. அந்த வீட்டில் ‘முடியாது’ என்ற சொல் ஒரே ஒருவருக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவர் என் சம்பந்தி.

வீட்டில் இப்படி என்றால் வெளியே சம்பந்தியம்மா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். பாசியில் நிபுணர். பாசி என்றால் நாம் வழுக்கி விழுகிறோமே, அதுதான். பாசி எதையும் கேட்காது, யாரையும் எதிர்த்துப் பேசாது, இருந்த இடத்திலேயே பச்சென்று இருக்கும். அவருக்கு அது பொருத்தமான படிப்பு. அப்படியே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். துணைவேந்தர் விடவில்லை.

அந்தத் துணைவேந்தருக்கு ஒரு வார்த்தை பிடித்துப்போயிருந்தது. ‘பன்னாட்டுமயமாக்கல்.’ ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். நீளமான வார்த்தை என்பதால் சொல்லி முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். சிற்றுண்டிச் சாலைக்கு ‘பன்னாட்டு உணவகம்’ என்று பலகை மாட்டினார்கள். டீ பழைய டீதான். அடுத்தபடியாக ஒரு பிரிவு தொடங்க வேண்டும், அதற்கு வெளிநாடு போய் வந்த ஒருவர் தலைமை தாங்க வேண்டும் என்று தேடினார்கள். சம்பந்தியம்மா எப்போதோ ஒரு பாசி மாநாட்டுக்காக வெளிநாடு போயிருந்தார். போன இடத்தில் விடாமல் மழை பெய்தது, அறையை விட்டு வெளியே வரவில்லை. அதெல்லாம் யாரும் கேட்கவில்லை.

“மேடம், நீங்கதான் இயக்குநர். பொறுப்பை ஏத்துக்கறீங்க இல்லையா?”

“பார்க்கலாம் சார்.”

மறுநாள் அறை கொடுத்துவிட்டார்கள். தேர்வுப் பிரிவுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு நீள அறை. வாசலில் ‘வெளிநாட்டு உறவுகள் பிரிவு’ என்று பலகை. முதல் மாதம் முழுக்க, உறவுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள்தான் வந்தார்கள். நூலகத்து உதவியாளர் ஒருவர் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மேடம், என் மச்சான் அங்க போய் ரெண்டு வருஷமாச்சு. ஒரு போன் கிடையாது. தங்கச்சி அழுதுட்டே இருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…”

“பார்க்கலாங்க” என்றார் சம்பந்தியம்மா. அவரும் புரிந்துகொண்டு எழுந்து போனார். போகும்போது, “பலகையை மாத்திடுங்க மேடம், பாவம் ஜனங்க நம்பி வர்றாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நிஜமாகவே மாணவர்கள் வந்து இறங்கினார்கள். தூர தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றோடு துணைவேந்தர் ஒப்பந்தம் போட்டிருந்தார். அங்கிருந்து ஒரு கூட்டம் பிள்ளைகள். ஆண்கள் விடுதியின் மேல்மாடியில் மற்றப் பையன்களோடு தங்க வைத்தார்கள். அவர்களில் ஒருவன் கதவுநிலையில் தலை இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழைய முடியாத உயரம். விடுதிப் பையன்கள் அவனுக்கு ‘நெட்டை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் அதை ஒரு பட்டம் என்று நினைத்து விண்ணப்பங்களில்கூட எழுதினான். பாசியில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று சம்பந்தியம்மாவிடமே சேர்ந்தான்.

மொழி வகுப்பில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகத் தமிழ். முதல் மனுவே அந்தத் தமிழில்தான் வந்தது.

“அம்மா, எங்கள் தளத்தின் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருவர் நீராடும்பொழுது மற்றொருவர் புகுந்துவிடுகிறார். ஆவன செய்ய வேண்டுகிறேன்.”

சம்பந்தியம்மா கட்டடப் பொறியாளருக்குப் போன் போட்டார். பொறியாளர், “பார்க்கலாம் மேடம்” என்றார். அதன் பொருள் இவருக்குத் தெரியாதா? வைத்துவிட்டு நெட்டையிடம், “பார்க்கலாம்ப்பா” என்றார்.

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. அடுத்த திங்கட்கிழமை நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

“வந்துவிட்டோம், அம்மா.”

“எதுக்குப்பா?”

“பார்க்கலாம் என்றீர்களே. தாழ்ப்பாளைப் பார்க்க வந்தோம்.”

திங்கட்கிழமைதோறும் வந்தார்கள். சம்பந்தியம்மாவும் ஒவ்வொரு முறையும் அதே சொல்லைச் சொன்னார். பிறகு ஒருநாள் வரவில்லை. புரிந்துவிட்டது. மொழி வகுப்பில் சொல்லித் தராத பாடம் அது.

அதன்பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உள்ளே குளிக்கிறவன் பாட வேண்டும். பாட்டுச் சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறான், கேட்காவிட்டால் நுழையலாம். உள்ளூர்ப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். நெட்டை நம் சினிமாப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டான், நம் பையன்கள் அவர்கள் ஊர்த் தாலாட்டுகளைக் கற்றுக்கொண்டார்கள். குரல் கட்டிய அன்று குளிப்பதில்லை.

துணைவேந்தர் காலை நடைக்குப் போகும் பாதை விடுதியை ஒட்டியது. மேல்மாடியிலிருந்து இரண்டு மொழிகளிலும் பாட்டு வந்துகொண்டே இருந்ததைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம். அந்த வருட ஆண்டறிக்கையில் ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்ற தலைப்பில் ஒரு பத்தி வந்தது. ‘மாணவர்கள் விடியற்காலையிலேயே இசையில் தோய்ந்துவிடுகின்றனர்.’ தோய்ந்ததென்னவோ உண்மைதான்.

ஒப்பந்தம் புதுப்பிக்கிற காலம் வந்தது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் டீன் ஒரு பெண்மணி. கணினித் திரையில் வந்து பேசினார். இந்தப் பக்கம் துணைவேந்தர், சம்பந்தியம்மா, நடுவில் மொழிபெயர்ப்பாளர். இந்த மொழிபெயர்ப்பாளர் வேற்றுமொழித் துறையில் இளம் விரிவுரையாளர். ஒரு சொல்லைக்கூடச் சிந்தாமல் கூட்டாமல் அப்படியே இறக்கி வைப்பார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

டீன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் பிள்ளைகளுக்குத் தனி விடுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை, இப்போது அங்கே படிக்கிறவர்களையும் திருப்பி அழைத்துக்கொள்வோம்.

சம்பந்தியம்மா பிள்ளைகளை நினைத்துக்கொண்டார். நெட்டையின் ஆராய்ச்சி பாதியில் நிற்கிறது. மற்றவர்களுக்கும் படிப்பு பாதியில்தான். துணைவேந்தர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

“தனி விடுதியா…” என்று இழுத்தார் சம்பந்தியம்மா. “பார்க்கலாம்.”

தமிழ் தெரிந்த யாருக்கும் அதோடு கதை முடிந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் சிந்தாமல் இறக்கி வைத்தார். ‘விடுதி. அதைப் பார்க்க இயலும்.’

திரையில் டீன் கைதட்டினார்.

“என்னவாம்?” என்றார் துணைவேந்தர்.

“ரொம்ப சந்தோஷமாம் சார். வந்து பார்க்கறேன்னு சொல்றாங்க.”

மரியாதைக்குச் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் வருகிறேன் என்றால் வந்துவிடுவார்கள் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. விமானச் சீட்டின் நகல் வந்தபோது துணைவேந்தர் தண்ணீர் குடிக்காமலே அவசரக் கூட்டம் போட்டார்.

“நிலவியல் துறைக்குப் பின்னால பாறைக் கிடங்கு ஒண்ணு இருக்கே. வெள்ளையடிச்சுப் பலகை மாட்டிடுங்க. கட்டில் போடுங்க. விடுதி ரெடி” என்றார்.

“பாறைங்களை எங்க சார் வைக்கறது?” என்றார் பொறியாளர். “கிரேன் இல்லாம நகராது.”

“உறை போட்டு மூடுங்க.”

பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார். “மேடம், நீங்கதான் அவங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டணும். பசங்க இனிமே அங்கதான் தங்கப் போறாங்கன்னு சொல்லணும்.”

சம்பந்தியம்மா தம் வாழ்நாளிலேயே அழுத்தமான ‘பார்க்கலாம் சார்’ ஒன்றைச் சொன்னார்.

“அதானே!” என்றார் துணைவேந்தர். “பார்க்கத்தானே வர்றாங்க!”

அன்று வீட்டில் நடந்ததை என் சம்பந்தி சொன்னார். சம்பந்தியம்மா வேறு மாதிரி சொன்னார். இரண்டில் நன்றாக இருப்பதை எழுதுகிறேன்.

“பேசாம முடியாதுன்னு சொல்லிடேன்” என்றாராம் சம்பந்தி.

“எப்படிங்க சொல்றது? அவர் துணைவேந்தர்.”

“என்கிட்ட மட்டும் தினம் சொல்றியே?”

“நீங்க என்ன துணைவேந்தரா?”

சம்பந்தி பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மா கண்ணாடி முன்னால் நின்று ‘முடியாது’ என்று சொல்லிப் பார்த்தாராம். அது காதில் விழுந்ததும், நாம் ஏதாவது கேட்டுவிட்டோமோ என்று சம்பந்தி பால்கனியிலிருந்து திரும்பி வந்து பார்த்தாராம்.

டீன் வருவதற்குள் பாறைக் கிடங்கு பளபளத்தது. ‘பன்னாட்டு மாணவர் இல்லம்’ என்று பலகை. கட்டில்கள் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து வந்தன. அன்று நோயாளிகளை உட்கார்ந்தே குணமாகச் சொல்லிவிட்டார்கள். கிடங்கின் பின்பாதியை மறைக்கக் கலையரங்கத்துச் சிவப்புத் திரையைக் கழற்றி வந்து கயிறோடு கட்டினார்கள். முன்பாதியில் இருந்த பாறைகளுக்கு வெள்ளை உறை. தூரத்திலிருந்து பார்த்தால் சோபா. கிட்டப் போய்ப் பார்த்தாலும் சோபாதான். உட்கார்ந்தால்தான் பாறை.

டீன் உட்கார்ந்தார்.

கொஞ்சம் குண்டான, குட்டை முடி வைத்த பெண்மணி. பயணக் களைப்பில் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நாசூக்கு தெரிந்தவர். மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, எதிரே வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த தம் பிள்ளைகளைப் பார்த்தார். நெட்டையிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் இந்தப் பக்கம் இறக்கி வைத்தார். “நீங்க எல்லாரும் இங்கதான் தங்கப் போறீங்களான்னு கேக்கறாங்க.”

நெட்டை டீனைப் பார்த்தான், சம்பந்தியம்மாவைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது, காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. தன் மொழியிலேயே ஒரு வார்த்தை சொன்னான்.

“என்ன சொன்னான்?” என்றார் துணைவேந்தர்.

“‘பார்க்கலாம்’னு சொல்றான் சார்.”

டீன் நெற்றியைச் சுருக்கினார். நான்தான் இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேனே, இன்னும் என்ன பார்ப்பது என்றார். மற்றப் பிள்ளைகளைக் கேட்டார். ஒவ்வொருவனும் அதையே சொன்னான். கடைசிப் பையன் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீனின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. பிள்ளைகள் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் நினைப்பது தெரிந்தது.

சம்பந்தியம்மா எதிர்ப் பாறையில் உட்கார்ந்தார். அது பாறை என்று தெரிந்ததால் மெதுவாகவே உட்கார்ந்தார்.

“தம்பி” என்றார் மொழிபெயர்ப்பாளரிடம். “பசங்க மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. அந்த வார்த்தைக்கு முடியாதுன்னு அர்த்தம்.”

“எந்த வார்த்தைக்கு மேடம்?”

“பார்க்கலாம்.”

“அது எப்படி மேடம்? பகுதி ‘பார்’. இலக்கணப்படி—”

“இலக்கணத்தை விடுங்க. உங்க வீட்டுக்காரம்மா பார்க்கலாம்னு சொன்னா என்ன அர்த்தம்?”

மொழிபெயர்ப்பாளர் சற்று யோசித்தார். முகம் வாடிற்று. பிறகு டீனிடம் திரும்பிச் சொன்னார். தம் தொழிலில் முதல்முறையாக நாலைந்து சொற்களைக் கூடுதலாகச் சேர்த்துச் சொன்னார்.

டீன் கேட்டார்: “அப்படியானால் அன்று திரையில்?”

“அன்னிக்கும் முடியாதுதான்” என்றார் சம்பந்தியம்மா. “எங்ககிட்ட தனி விடுதி கிடையாது. இது பாறை. நீங்க உட்கார்ந்திருக்கறதும் பாறைதான், மன்னிச்சுக்கணும்.”

துணைவேந்தருக்குத் தலை சுற்றியது. பிடித்துக்கொள்ள எதுவோ தேடினார். கைக்குக் கிடைத்தது திரையின் கயிறு. சிவப்புத் திரை சர்ரென்று இரண்டாகப் பிரிந்து விலகியது. பின்னால் மிச்சப் பாறைகள் எல்லாம், சிறிதும் பெரிதுமாக, மேடை ஏறிய குடும்பம் மாதிரி நின்றன. பொறியாளர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார்.

டீன் எழுந்தார். பிள்ளைகள் நிஜமாகத் தங்கும் இடத்தைக் காட்டச் சொன்னார்.

மேல்மாடிக்கு ஏறும்போதே பாட்டுக் கேட்டது. துணைவேந்தருக்கு உயிர் வந்தது. “கேளுங்க, கேளுங்க! எங்க பசங்க பாடறாங்க. பண்பாட்டுப் பரிமாற்றம்!” டீன் நின்று கேட்டார். உள்ளூர்ப் பையன் ஒருவன், சோப்பு நுரை வாயில் போகப் போக, அவர் ஊர்த் தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. டீனின் கண் கலங்கியதாக என் சம்பந்தியம்மா சொல்கிறார். நான் பார்க்கவில்லை.

குளியலறையில் ஏன் பாடுகிறார்கள் என்று டீன் கேட்டார். நெட்டை, தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். இப்போது அவன் தமிழ் மாறிவிட்டிருந்தது.

“தாழ்ப்பாள் இல்லீங்க. பாடலைன்னா எவனாவது உள்ள வந்துடுவான்.”

“தாழ்ப்பாளா?” என்றார் துணைவேந்தர். “என்கிட்ட யாருமே சொல்லலையே!”

“ஒரு வருஷமா கேட்டுட்டு இருக்கேன் சார்” என்றார் சம்பந்தியம்மா.

“பார்க்கலாம்னு சொல்லியிருந்தேன் சார்” என்றார் பொறியாளர், தம் பக்கம் குறையில்லை என்பதுபோல.

டீன் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்து ஆணித் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளரைக் கூடச் சேர்க்கவில்லை. கிளம்பும்போது கார்க் கதவைத் திறந்துகொண்டு எல்லோரையும் பார்த்தார். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தமிழிலேயே சொன்னார்.

“பார்க்… க… லாம்.”

கார் போய்விட்டது.

துணைவேந்தர் மொழிபெயர்ப்பாளர் கையைப் பிடித்துக்கொண்டார். “இது எந்தப் பார்க்கலாம்? நம்ம பார்க்கலாமா, அவங்க பார்க்கலாமா?”

“அவங்க தமிழ்ல சொன்னாங்க சார். தமிழை நான் எப்படித் தமிழ்ல மொழிபெயர்க்கறது?”

அன்று முதல் சம்பந்தியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்குக் கொடுத்தது தமக்கே திரும்பி வந்துவிட்டது. நம் அர்த்தத்தில் சொன்னாரா, அகராதி அர்த்தத்தில் சொன்னாரா? நெட்டை தன் பாசிக் கண்ணாடித் தட்டுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான். “அவசரப்படாதேப்பா” என்றார். “ஒப்பந்தம் உண்டா அம்மா?” என்றான் அவன். அவர் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. முழுங்கிக்கொண்டு, “எனக்குத் தெரியாதுப்பா” என்றார். அது அவருக்குப் புதிய வாக்கியம். ஒன்றும் ஆகவில்லை. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

அரையாண்டு விடுமுறை முடிந்து திறந்த அன்று, அவர் அறை வாசலில் பெட்டியும் படுக்கையுமாகப் புதிய முகங்கள் ஒரு கூட்டம் நின்றது. முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

“வணக்கம், அம்மா. நாங்கள் வந்துவிட்டோம்” என்றாள் புத்தகத் தமிழில்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு வெகு நாளாகியிருந்தது. தனி விடுதி வேண்டாம், உள்ளூர்ப் பிள்ளைகளோடுதான் இருப்போம் என்று பழைய மாணவர்களே டீனிடம் கேட்டுக்கொண்டார்களாம். ஒப்பந்தம் தொடர்கிறது என்று டீன் அனுப்பிய மின்னஞ்சல் துணைவேந்தர் அலுவலகத்துக்கு வந்துதான் இருந்தது. வேற்றுமொழியில் இருந்ததால் ஏதோ விளம்பரம் என்று அழித்துவிட்டார்கள். அதனால் என்ன, பன்னாட்டுமயம் வாசல்வரை வந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு பொட்டலம் நீட்டினாள். டீன் கொடுத்தனுப்பியது. உள்ளே ஒரு தாழ்ப்பாள். கனமான பித்தளை. திருகாணிகளும் இருந்தன. நம் பொறியாளரைப் பற்றித் தெரிந்துகொண்டு ஒரு திருப்புளியும் வைத்திருந்தார்.

செய்தி போய் துணைவேந்தரே ஓடி வந்தார். தாழ்ப்பாளை இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்தார்.

“அற்புதம் மேடம்! இதைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு என் அறை வாசல்ல வைக்கணும். கீழ ‘இரு நாட்டு நல்லுறவின் சின்னம்’னு எழுதிடலாம். வர்ற விருந்தாளிங்க எல்லாம் பார்ப்பாங்க. ஏற்பாடு பண்ணிடறீங்களா?”

நெட்டை கதவுநிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அடுத்த சொல் தெரியும். துணைவேந்தரோடு வந்த பொறியாளருக்கும் தெரியும். சம்பந்தியம்மா கையை நீட்டித் தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டார்.

“முடியாது சார்.”

பக்கத்தில் ஜெனரேட்டர்கூட ஒரு கணம் நின்றதாகச் சொல்வார்கள், மின்சாரம் வந்திருக்கும்.

“என்ன மேடம் இது” என்றார் துணைவேந்தர், நிஜமாகவே மனம் நொந்து. “பார்க்கலாம்னாவது சொல்லக் கூடாதா?”

“பார்த்தாச்சு சார்” என்றார் சம்பந்தியம்மா.

அன்று சாயங்காலமே தாழ்ப்பாள் கதவில் ஏறியது. நெட்டை திருகினான், சம்பந்தியம்மா திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சாத்திப் பார்த்தார்கள், திறந்து பார்த்தார்கள். பையன்கள் இன்னும் பாடிக்கொண்டுதான் குளிக்கிறார்கள். பழக்கம் விடவில்லை. ஆண்டறிக்கையில் அந்தப் பத்தியும் அப்படியே தொடர்கிறது.

சம்பந்தியம்மா இப்போது அலுவலகத்தில் ‘முடியாது’ என்றால் முடியாது, ‘சரி’ என்றால் சரி. உறவுக்காரர்களிடம் மட்டும் பழைய பாஷைதான். போன வாரம் போன் போட்டு, “சம்பந்தியம்மா, உங்க தாழ்ப்பாள் கதையை எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“பார்க்கலாம்” என்றார்.

எழுதிவிட்டேன். பார்க்கலாம்.